ஆரு கூடப் போறீங்க?

திருமுருகன்பூண்டியின் தலபுராணமே ஒரு வழிப்பறிக் கதைதான். சேரமான் பெருமாளிடம் பொன்னும் மணியும் பரிசாக வாங்கிக்கொண்டு, சுமையாட்களோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரரை வேடர்கள் இங்கே மறித்தார்கள். இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வேடர்களாக வந்தவை சிவபூத கணங்கள் என்பது பிறகுதான் தெரியவருகிறது. சுந்தரர் சும்மா விடவில்லை. வழிப்போக்கரை உதைத்துப் பறிக்கிற முரடர்கள் நடமாடும் ஊரில் உமக்கு என்ன வேலை என்று சாமியையே ஏசிப் பதிகம் பாடினார். பறிபோன மூட்டைகள் திரும்பிவந்தன. பயணம் என்றதும் பத்திரத்தை முதலில் நினைக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான புராணம் அமையாது.

இன்றைய பூண்டியில் வேடர் பயம் இல்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில், கல் அறுக்கும் மிஷின் சத்தமும் தையல் மிஷின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும் ஊர் இது. சிற்பக்கூட வாசல்களில் பாதி முடிந்த நந்திகளும் கண் திறக்காத அம்மன்களும் வெயில் காய்ந்துகொண்டிருக்க, அடுத்த தெருவில் பனியன் கம்பெனியின் பவர் டேபிள் ஓடிக்கொண்டிருக்கும். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021இல் நகராட்சியானது. உள்ளூர்க் குடும்பங்களோடு தேனி, மதுரை, திருவாரூர்ப் பக்கமிருந்து வந்தவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளும் சேர்ந்ததுதான் இந்த வட்டாரம். பதினெட்டு வயதில் ஒரு பையோடு பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, கைமடி வேலையில் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, டெய்லராகி, வீடு கட்டியவர்கள் ஏராளம். பிழைப்புக்காக அவ்வளவு தூரம் ஒற்றையாக வந்தவர், நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள், "ரெண்டு நாள் கோத்தகிரிக்குப் போயிட்டு வரேன், தனியாத்தான்" என்று சொல்லிப் பார்க்கட்டும். வீடு, காம்பவுண்டு, கம்பெனி மூன்றும் ஒரே குரலில் கேட்கும்: "ஆரு கூடப் போறீங்க?"

கேட்கப்படுபவர் ஆண் என்றால் அந்தக் கேள்விக்குள் வேறு கேள்விகள் பதுங்கியிருக்கும். வீட்டில் சண்டையா? கடனா? டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? ஜாப் ஒர்க் எடுத்து நடத்தும் சின்ன முதலாளி இரண்டு நாள் போனை அணைத்து வைத்தால், மூன்றாம் நாள் நூல்காரரும் சாயப்பட்டறைக்காரரும் வீட்டு வாசலில் நிற்பார்கள். அணைந்த போனுக்கு இங்கே வேறு விளக்கம் கிடையாது, ஆள் கம்பி நீட்டிவிட்டார். ஆண்கள் மலைக்குப் போவதில்லை என்றில்லை. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு வேன் பிடித்துப் போவார்கள், பதினாறு பேராக. போன இடத்தில் மலையைப் பார்த்தார்களா என்று கேட்பது அநாகரிகம்.

பெண் என்றால் பதுங்கல் ஏதும் கிடையாது. கேள்வி நேராக வரும், பதிலுக்கும் காத்திராது. "நான் லீவு போட்டு வண்டி எடுத்துட்டு வர்றேம்மா" என்பான் மகன். "புள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டுங்கத்தை, எல்லாருமாப் போயிட்டு வரலாம்" என்பாள் மருமகள். அக்கறைதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லோருமாகப் போகிற பயணத்தில் அந்த அம்மாவின் வேலை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து புளிசாதம் கட்ட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பேரனுக்கு வாந்தி வந்தால் கவர் பிடிக்க வேண்டும். வியூ பாயிண்டில் மற்றவர்கள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை பைகளுக்குக் காவல் உட்கார வேண்டும். ஊட்டியை நாலு முறை பார்த்தவர் என்று ஊரில் பெயர் இருக்கும். அவர் பார்த்தது பைகளை.

நடுவயதில் மலைக்குத் தனியாகப் போக முழங்கால் ஒத்துழைக்காது, காசு போதாது என்றெல்லாம் சொல்கிறோம். அவையெல்லாம் இரண்டாவது மூன்றாவது காரணங்கள். கூட ஓர் ஆளோ, ஆள் இல்லாவிட்டால் ஒரு சாமியோ இல்லாமல் போவதற்கு நம்மிடம் இன்னும் ஒரு சாக்கு இல்லை என்பதே முதல் காரணம் என்று எனக்குப் படுகிறது.

சாமி சாக்கில் கொங்கு நாட்டுக்காரர்கள் ஏறாத மலை இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி, சென்னிமலையின் 1,320 படி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை. ஐம்பது வயதில் வெறுங்காலோடு தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவரை, இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. வழியெல்லாம் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறார்கள். அதே ஐம்பது வயதில், அதே கால்களோடு, மலையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளம்பினால் மோர் கிடையாது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி ஒன்று இருக்கிறது. பக்தர் கனவில் சாமி வந்து ஒரு பொருளைச் சொல்ல, கோயிலில் பூப்போட்டுப் பார்த்து உத்தரவானால், அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. ஒரு பஸ் டிக்கெட்டை எப்போது வைப்பார்களோ.

இவ்வளவுக்கும் தமிழில் மலைக்குத் தனியாகப் போன கதைகளுக்குப் பஞ்சமில்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த இரண்டைச் சொல்கிறேன். காரைக்கால் புனிதவதியாரின் கணவன் அவரை விட்டு விலகிப் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். உறவினர்கள் அவனைக் கண்டுபிடித்து அவரைக் கொண்டுபோய் விட்டபோது காலில் விழுந்து கும்பிட்டான். கணவனுக்காகத் தாங்கிய இந்தத் தசை இனி எதற்கு என்று அதை உதறிப் பேயுரு வாங்கிக்கொண்டு, கயிலைக்குத் தனியாகப் புறப்பட்டார் அந்த அம்மையார். மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்தார். அப்பர் என்கிற நாவுக்கரசரோ முதிய வயதில், காசிக்கு அப்பால், கூட வந்தவர்களை விட்டுவிட்டு ஒற்றையாகக் கயிலையை நோக்கிப் போனார். கால் தேய்ந்தது, கையால் நகர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், புரண்டார். முனிவராக வந்த சிவன், மனித உடம்போடு போக முடியாது, திரும்பிப் போ என்கிறார். தனியாகப் போகிறவரைப் பாதிவழியில் திரும்பச் சொல்வது சாமிக்கே இருந்த பழக்கம் போலும். அப்பர் மறுக்கிறார். கடைசியில் அங்கிருந்த குளத்தில் மூழ்கி, திருவையாற்றில் எழுந்து, கயிலைக் காட்சியை அங்கே காண்கிறார்.

இரண்டு கதைகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கவனிக்கத்தக்கது. அப்பர் அப்படியே கிளம்பிவிட்டார். அம்மையாருக்கு மட்டும் இளமையைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் பாதை திறந்தது. இது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் இன்றும் ஏறத்தாழ இதே கணக்குதான் நடக்கிறது. வயதுக்கு வந்த பெண்கள் ஐம்பதைத் தாண்டும்வரை அந்த மலையில் ஏறுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். இந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. மலைக்கு வயது பார்க்கத் தெரியாது, வாசலில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். என்றாலும் ஐம்பது வயதை ஒரு முடிவு என்றே கேட்டுக் கேட்டுப் பழகிய பெண்ணுக்கு, ஐம்பதில் திறக்கிற கதவு ஒன்று இருக்கிறது என்பது விநோதமான செய்திதான்.

ஏழு மலை

திருப்பூர்க்காரர்கள் வெள்ளியங்கிரிக்குப் போக இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுடைய ஆறு அங்கேதான் பிறக்கிறது. அந்த மலைகளில் இறங்கும் ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல். பேரூர், சூலூர் தாண்டி, திருப்பூரை நடுவில் பிளந்துகொண்டு போய், நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊருக்கருகில் காவிரியில் கலக்கிறது. பனியன் தொழிலில் முப்பது வருடம் இருந்தவருக்கு நொய்யல் என்றால் நுரை, நாற்றம், அன்றைக்கு எந்தச் சாயம் ஓடுகிறதோ அந்த நிறம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே வேலையின்றி நின்றதும் இந்த ஆற்றின் பேரில்தான். அதே தண்ணீர் மேலே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர ஒரு தடவையாவது ஏறலாம்.

அடிவாரத்துக்கும் பூண்டி என்றுதான் பெயர். பிப்ரவரியிலிருந்து மே வரை வனத்துறை பாதையைத் திறந்துவிடும். அங்கே ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும்போது அது கௌரவம், இறங்கும்போது உயிர். பெரும்பாலோர் வெயிலுக்குப் பயந்து இரவில் ஏறுகிறார்கள். வெள்ளை விநாயகர், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை, ஆண்டிச் சுனை என்று மலைக்கு மலை ஓர் அடையாளம். ஏழாவதன் உச்சியில், பெரும்பாறைகளின் அணைப்பில் சுயம்புலிங்கம். புதியவரின் திமிர் இறங்குவது முதல் மலையிலேயே. படி படியாக, செங்குத்தாக, இரக்கமே இல்லாமல் ஏறும். ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருபது வருடம் கழித்தவருக்கு இருநூறாவது படியில் தன் உடம்பைப் பற்றிய முழு விவரமும் கிடைத்துவிடும். அதைத் தாண்டினால் நடுவில் உள்ள மலைகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆறாவது மலையில் இறங்கிச் சுனையில் குளிப்பவர்கள் குளிப்பார்கள், பல் கிட்டிக்கொள்ளும் குளிர். ஏழாவது மலை மறுபடியும் வேலையைக் காட்டும், மேலே காற்றும் ஆளைத் தள்ளும்.

தனியாகப் போனாலும் தனியாக இருக்க முடியாத மலை இது. அதனாலேயே முதல் தடவைக்கு ஏற்றது. ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லோரும் எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்துவிட்டால் முன்பின் தெரியாதவர் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை நீட்டுவார். "இன்னும் கொஞ்ச தூரந்தான் சாமி" என்று மேலிருந்து இறங்குகிறவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். முதல் மலையிலும் அதையே சொல்வார்கள், ஐந்தாவதிலும் அதையே சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 பருவத்தில் மட்டும் வெள்ளியங்கிரி ஏறியவர்களில் பலர் நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. கம்பெனி வேலையில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள்? ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை, தினமும் விடிகாலையில் ஒரு மணிநேர நடை, வாரத்தில் இரண்டு நாள் சென்னிமலைப் படியோ சிவன்மலைப் படியோ. இவ்வளவும் செய்ய மனமில்லாதவர் கோத்தகிரிக்குப் பஸ் ஏறலாம். அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை.

அன்னூர் வழி

திருமுருகன்பூண்டியிலிருந்து அவிநாசி, அங்கிருந்து கருவலூர், அன்னூர், மேட்டுப்பாளையம். அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் நாற்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சாதாரண டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். இந்த இலவசப் பயணத்தால் வேலைக்குப் போகிற பெண்களின் செலவு குறைந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை. வீட்டுக்காரரிடம் காசு கேட்காமல், எங்கே போகிறேன் என்று காரணம் சொல்லாமல் ஒரு பெண் பஸ் ஏறலாம் என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. ஊட்டிப் பயணத்துக்கு வேண்டிய முதல் ஒத்திகை அதில்தான் நடந்துவிடுகிறது. அவிநாசிக் கோயிலுக்கு ஒரு நாள், அன்னூர்ச் சந்தைக்கு ஒரு நாள், மேட்டுப்பாளையம் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது இன்னொரு நாள்.

மேட்டுப்பாளையத்தில் பவானி ஓடுகிறது. திருப்பூர் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் குழாயில் வருகிறது. அதற்குமேல் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர், ஊட்டி. இன்னொன்று கோத்தகிரி. இந்த இரண்டில், முதல் தனிப் பயணத்துக்கு நான் கோத்தகிரியைத்தான் சொல்வேன். ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி அதைவிட ஏறத்தாழ நானூறு மீட்டர் கீழே. குளிர் அளவோடு இருக்கும், கூட்டமும் அளவோடு இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊருக்குள் எல்லாம் நடக்கிற தூரம். தனியாகப் போகிறவருக்கு அது பெரிய விஷயம், ஆட்டோவுக்குப் பேரம் பேசியே பாதி நாள் போகாது.

நீலகிரியின் கதை தொடங்கியதும் கோத்தகிரியில்தான். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து, கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். அதைப் பழுதுபார்த்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு திருத்தம் அவசியம். சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்று டூரிஸ்ட் பலகைகள் சொல்லும். கோத்தரும் தோடரும் படுகரும் குறும்பரும் இருளரும் அதுவரை தொலைந்தா போயிருந்தார்கள்? ஊருக்குப் பெயரே கோத்தர்களால் வந்ததாயிற்றே. ஊரை ஒட்டி லாங்வுட் சோலை என்று 116 ஹெக்டேர் காடு இருக்கிறது. 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் குடிநீர் அந்தச் சோலையிலிருந்து ஊறி வருகிறது. வனத்துறை அனுமதியோடு உள்ளே நடக்கலாம். கொஞ்சம் தள்ளிக் கோடநாடு. எஸ்டேட் வழக்கால் பேப்பரில் அடிபட்ட அந்தப் பெயர்தான், ஆனால் அங்கே பார்க்க வேண்டியது காட்சிமுனை. எதிரே ரங்கசாமி முடி, பள்ளத்தில் மாயாறு, தூரத்தில் பவானிசாகரின் தண்ணீர்.

மலை ரயிலைப் பற்றிக் கேட்பார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட தண்டவாளம், ஒரு பகுதியில் பல்சக்கரம் பிடித்து ஏறும் 46 கிலோமீட்டர், 2005இல் யுனெஸ்கோ பட்டியல். எல்லாம் சரி. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயிலுக்கு டிக்கெட்டை வெகுநாள் முன்பே எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு நாள் முன்னதாக வீட்டில் சொன்னால் அதற்குள் நாலு பேர் கூட வருவதாகச் சேர்ந்துவிடுவார்கள். பஸ்தான் நல்லது. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸும் வேண்டியதில்லை, 2024 மே முதல் அது சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் போகிறவர்களின் தலைவலி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மட்டும் நீலகிரிக்குள் கூடாது. அபராதம் போடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும், கம்பெனிக்குக் கொண்டுபோவதே போதும்.

எப்போது போவது என்பதில் இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது தீபாவளிக்குத்தான். போனஸும் அப்போதுதான். அதே நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவில் அடித்துப் பெய்யும். குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் அந்தச் சரிவுதான். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மண்சரிவுகள் அந்த மழையில் நடந்தவை. மலை ரயில் நிற்பதும் சாலையில் மரம் விழுவதும் வருடா வருடம் நடக்கிறது. ஆக, கையில் காசும் லீவும் சேர்ந்து இருக்கிற ஒரே வாரத்தில் மலைக்குப் போகக் கூடாது. மே மாதமும் வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். பொங்கல் லீவு நல்லது. வெயில் இருக்கும், மழை இருக்காது, விடிகாலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். உலகத்துக்கே பின்னலாடை தைத்து அனுப்புகிற ஊரில், ஸ்வெட்டர் இல்லாதவர்கள்தான் அதிகம். இங்கே குளிர் ஏது, வாங்கி வைக்க.

தனியாக என்றால்

ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்வது நல்லது. பஸ்ஸில் தனியாக, அறையில் தனியாக, டீக்கடை பெஞ்சில் தனியாக. அவ்வளவுதான். காட்டுக்குள் தனியாக இல்லை.

2018 மார்ச் 11ஆம் தேதியைத் திருப்பூர், ஈரோடு வட்டாரம் மறக்கக் கூடாது. சென்னையிலிருந்து போன ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து போன இன்னொரு குழுவும் தேனி மாவட்டம் குரங்கணி மலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்த போதைப்புல், மேல்நோக்கி வீசுகிற காற்று. அந்த மலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் அந்தப் புல்வெளியில் கால் வைக்கத் தோன்றியிருக்காது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், இணையத்தில் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார், பலர் பழங்குடி மக்கள். தீப்பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். தனியாகப் போகிற வீம்பில் வழிகாட்டி வேண்டாம் என்று சொல்கிறவர், தனிமைக்கும் அசட்டுத்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்.

அறை கிடைப்பதுதான் நிஜமான மலையேற்றம். ஒற்றை ஆளுக்கு ரூம் தர லாட்ஜ்காரர்கள் தயங்குவார்கள். பெண் என்றால் ஒரு சந்தேகம், ஆண் என்றால் இன்னொரு சந்தேகம். அறையில் ஏதாவது செய்துகொண்டுவிட்டால் போலீஸ், கேஸ் என்று யார் அலைவது என்பது அவர்கள் கணக்கு. "கூட ஆரும் வரலீங்களா?" என்று ரிசப்ஷனில் கேட்பவர் பதிவேட்டைத் திறக்காமலே நம் முகத்தைப் படிப்பார். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. முன்னதாகவே போன் செய்து, ஆதார் விவரம் சொல்லி, அட்வான்ஸ் அனுப்பிவிட்டால் சந்தேகம் பாதி குறையும். பெயர் தெரிந்த விடுதி, அரசு சுற்றுலா விடுதி, குடும்பங்கள் தங்கும் இடம் என்று தேடலாம். இருட்டுவதற்கு முன் அறைக்குப் போய்விடலாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் விடுதியின் பெயரும் நம்பரும் கொடுத்துவிட்டுப் போகலாம், எல்லோருக்கும் கொடுத்தால் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெண்கள் உதவி எண் 181 போனில் இருக்கட்டும்.

அறை கிடைத்த பிறகு வேறொரு கஷ்டம். ஒன்றரை ஷிப்ட் பழகிய உடம்புக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. போர்வையை மடிக்கத் தோன்றும், பாத்ரூமைக் கழுவத் தோன்றும். ஹோட்டலில் தனி டேபிளில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் என்ன வேண்டும் என்று யோசித்து ஆர்டர் சொல்வது பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். வேறு யாருக்குப் பிடிக்கும் என்று நினைக்காமல் மெனு கார்டைப் படிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாதவிலக்கு நிற்கிற வயதில், நடுராத்திரி உடம்பு திடீரென்று கொதித்துப் போர்வையை உதறுகிறவர்களுக்கு மலைக்குளிர் என்னவோ நல்ல சிநேகிதி. வீட்டில் ஃபேனை வைக்கச் சொல்லிக் கேட்டால் முறைக்கிறவர்கள் அங்கே இல்லை.

நடுவயதில் கிளம்பியவர்களின் பட்டியல் உலகத்தில் நீளமானது. இங்கிலாந்தின் மேரியன் நார்த் 1869இல் அப்பா இறக்கும்வரை அவருக்குத் துணையாகவே இருந்தார். அதற்குப் பிறகு, நாற்பது வயதில், படம் வரையும் பெட்டியோடு உலகம் சுற்றக் கிளம்பி, டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்காவை வரைந்தார். இசபெல்லா பேர்ட் 1873இல், நாற்பது தாண்டிய வயதில், முதுகுவலிக்கார உடம்போடு அமெரிக்காவின் ராக்கி மலைகளில் குதிரையில் தனியாகத் திரிந்தார். இவர்களுக்கெல்லாம் சொத்து இருந்தது, வெள்ளைத்தோல் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்கு நெருக்கமான உதாரணம் 2022இல் நடந்தது. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், ஐம்பது தாண்டிய பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கி லடாக் வரை இமயமலை நெடுக நடந்தார். குழுவில் குடும்பத் தலைவிகளும் ஓய்வு பெற்றவர்களும் இருந்தார்கள். அது தனிப் பயணம் இல்லைதான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் சொன்ன அந்த முதல் வாக்கியத்தைத் தனியாகத்தானே சொல்லியிருப்பார்கள்?

செலவுக் கணக்கை விட்டுவிடக் கூடாது. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு லீவு என்றால் சம்பளம் இல்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் ஆகிற செலவோடு, தைக்காமல் விட்ட பீஸ்களின் காசையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் ஆர்டர் குறைந்து, ஷிப்ட் குறைந்து, பல வீடுகளில் சனிக்கிழமைச் சம்பளம் மெலிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு காலத்தில் மலைக்குப் போகச் சொல்வது கொழுப்பு என்று சிலர் சொல்லலாம். ஷிப்ட் நிறைய இருந்தபோது நேரமில்லை என்றோம், ஷிப்ட் இல்லாதபோது காசில்லை என்கிறோம். இரண்டும் உண்மை. சீட்டுப் பணத்தில் ஒரு தவணையை மகளின் வளைகாப்புக்கும் பேரனின் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்கத் தெரிந்தவருக்கு, கோத்தகிரிக்கு ஒதுக்குவது கணக்களவில் கஷ்டமில்லை. எழுதும்போதுதான் கை கூசும்.

ஒருமுறை போய்வந்தவர்கள் அடுத்து விசாரிப்பது பெரும்பாலும் வால்பாறையைத்தான். பொள்ளாச்சி போய், ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவு. ஜன்னல் சீட் கிடைக்கப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிக்கொள்ள வேண்டும். வாந்தி மாத்திரையை ஆழியாறு வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, பஸ் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுவிடுங்கள்.